மாமா விரல் வைத்த லேப்டாப்

ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அந்த லேப்டாப்பை வேலைக்காக வாங்கினேன் என்று இத்தனை நாள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தது முழுப் பொய். அதன் மூடிக்காகத்தான் வாங்கினேன். வெள்ளியை உருக்கி ஊற்றியதுபோல் ஒரு மூடி, நடுவில் கம்பெனியின் சின்னம். பெருங்களத்தூரில் ஜி.எஸ்.டி. ரோட்டைப் பார்த்த காபிக் கடையில் அதைத் திறந்துவைத்து உட்கார்ந்தால், எதிரே இருப்பவர்களுக்கு என் முகத்துக்குப் பதில் அந்தச் சின்னம்தான் தெரியும். என் முகத்தை நன்றாக அறிந்தவன் என்ற முறையில், இது எல்லோருக்கும் நல்லது என்றே நினைத்தேன்.

வேலைக்கும் கொஞ்சம் தேவைப்பட்டது. ஒரு கட்டடத்தைக் கட்டுவதற்கு முன்பே அதைக் கணினியில் முப்பரிமாணத்தில் கட்டிக் காட்டுவது என் தொழில். அதற்கு வலுவான மெஷின் வேண்டும். ஆனால் கடையில் அதே வலுவுடன், கறுப்பாக, தடியாக, பாதி விலைக்கு ஒன்று இருந்தது. அதை நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பில் போட்ட பெண் கேட்டாள்: “சார், எக்ஸ்டெண்டட் வாரண்டி போட்டுக்கறீங்களா? இன்னும் ரெண்டு வருஷம் கவலை இல்லாம இருக்கலாம்.”

நான் சிரித்தேன். விமானம் வாங்க வந்தவனிடம் குடை வேண்டுமா என்று கேட்டதுபோல் ஒரு சிரிப்பு.

பக்கத்தில் நின்ற என் மனைவி உமா, “போட்டுக்கங்களேன், நல்லதுதானே” என்றாள். அவள் பள்ளியில் கணக்கு டீச்சர். நிகழ்தகவு தெரிந்தவள்.

“உமா, இது மிக்ஸி இல்ல” என்றேன் நான்.

(எங்கள் வீட்டு மிக்ஸி கல்யாணத்துக்கு வந்தது. இன்றும் ஓடுகிறது. இந்தத் தகவலை உமா எனக்கு வாரம் ஒருமுறை தருகிறாள்.)

வாரண்டி இருந்த காலம் முழுக்க அந்த லேப்டாப் மணமேடையில் உட்கார்ந்த மாப்பிள்ளை மாதிரி நடந்துகொண்டது. நானும் அதற்கேற்ப நடந்துகொண்டேன். அது இருக்கும் மேஜையில் யாரும் காபி வைக்கக்கூடாது. துடைப்பதற்குத் தனித் துணி. அந்தத் துணியைத் துவைப்பதற்குத் தனி சோப்பு. ஒருநாள் நான் காய்ச்சலோடு டைப் அடித்துக்கொண்டிருந்தபோது, என் கைச் சூட்டில் மெஷின் சூடாகிறதே என்று நான் கவலைப்பட்டதாக உமா சொல்கிறாள். இதை நான் மறுக்கிறேன், ஆனால் பலமாக மறுக்கவில்லை.

வாரண்டி ஒரு வியாழக்கிழமை முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை திரையில் மேலிருந்து கீழாக ஒரு பச்சைக்கோடு.

கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குப் போனேன். குளுகுளு அறை, டோக்கன், குஷன் நாற்காலி. கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய இளைஞர் மெஷினைக் கையுறை போட்டு வாங்கி, உள்ளே கொண்டுபோய், திரும்பி வந்து, ஆஸ்பத்திரியில் வராந்தாவுக்கு அழைத்துச் சொல்வதுபோல் மெதுவாகச் சொன்னார்.

“டிஸ்ப்ளே போயிடுச்சு சார். மாத்தணும்.”

“மூணு நாள் முன்னாடி வரைக்கும் வாரண்டி இருந்துது…”

“ஆமா சார். மூணு நாள் முன்னாடி வந்திருந்தீங்கன்னா ஃப்ரீ.”

“மூணு நாள் முன்னாடி கோடு இல்லியே!”

“அதுவும் கரெக்ட்தான் சார்” என்றார், உண்மையான அனுதாபத்துடன்.

டிஸ்ப்ளே மாற்றினேன். ஆறு வாரத்தில் டி.வி.யுடன் இணைக்கும் ஓட்டை செத்தது. அதைச் சரிசெய்யவில்லை, டி.வி.யில் இணைக்காமல் மனிதன் வாழ முடியாதா என்று விட்டுவிட்டேன். பிறகு ஒருநாள் மெஷின் மொத்தமாக அணைந்து, எழுந்திருக்க மறுத்தது. மறுபடியும் டோக்கன், மறுபடியும் குஷன் நாற்காலி.

“போன தடவைதானே அவ்ளோ செலவு பண்ணி மாத்தினேன்!” என்று நான் குரலை உயர்த்தினேன்.

அதே இளைஞர் கணினியில் பார்த்துவிட்டுச் சொன்னார்: “சார், போன தடவை மாத்தினது டிஸ்ப்ளே. அது சூப்பரா இருக்கு சார். இப்போ போயிருக்கறது மதர்போர்டு. டிஸ்ப்ளேல காட்டறதுக்குத்தான் ஒண்ணும் வரல.”

மதர்போர்டு மாற்ற அவர் சொன்ன தொகைக்கு, அந்தக் கறுப்புத் தடியனைப் புதிதாகவே வாங்கியிருக்கலாம். மெஷினை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். அப்படித்தான் எனக்கு அமுதா அக்கா அறிமுகமானார்.

மேற்குத் தாம்பரத்தில் மார்க்கெட்டை ஒட்டிய சந்து ஒன்றில், மாடிப்படிக்குக் கீழே இருக்கும் கடை அது. அமுதா அக்கா ஒரு தொழிற்சாலையில் பல வருடம் சர்க்யூட் போர்டு பூட்டிய கைகாரி. வேலையை விட்டுவிட்டுச் சொந்தக் கடை போட்டிருந்தார். வளைகழுத்து விளக்கு, பெரிய பூதக்கண்ணாடி, சூடான காற்று ஊதும் ஒரு கருவி. கையுறை கிடையாது. அனுதாபமும் கிடையாது.

“இன்னா தம்பி, இவ்ளோ துட்டு குட்த்து வாங்கிக்கிற, சிப்புக்குக் கீழ ஈயம் ஒட்டாம தூக்கிகினு கீது பாரு” என்று பூதக்கண்ணாடிக்குள் என்னைக் குனியச் சொன்னார். எனக்கு ஒரு சிறிய நகரம் தெரிந்தது. தலையாட்டினேன்.

அவர் சரிசெய்தார். ஓடியது. பிறகு உள்ளிருக்கும் குட்டி மின்விசிறி நின்றது; சரிசெய்தார். பிறகு கீபோர்டில் இரண்டு எழுத்துகள் நின்றன, சரிசெய்தார். நான் தாம்பரம் போய் வந்த வேகத்தைப் பார்த்து, எங்கள் மாடிவீட்டுக்காரர் நான் அமுதா அக்காவின் கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாக நினைத்து, தன் செல்போனை என்னிடம் ரிப்பேருக்குக் கொடுத்தார்.

இதற்கு நடுவில் எனக்கு வேலை போனது. எங்கள் கம்பெனியைப் பெரிய வாடிக்கையாளர் ஒருவர் கைவிட்டதால் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். நான் அந்தப் பாதியில் இருந்தேன். இரண்டு மாதம் விண்ணப்பம் போட்டுப் போட்டு, கடைசியில் ஒரு நல்ல நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்தது. வீடியோ வழியாக நேர்முகத் தேர்வு. நான் செய்த வரைபடம் ஒன்றைத் திரையில் காட்டி, அவர்கள் சொல்லும் மாற்றங்களை அவர்கள் கண்ணெதிரே செய்ய வேண்டும். என் வரைபடங்களும் அந்த மென்பொருளும் இருந்தது இந்த வெள்ளிமூடியில் மட்டும்தான். உமாவின் பழைய லேப்டாப்பில் அதைப் போட்டால், மென்பொருள் திறப்பதற்குள் கட்டடத்தையே கட்டிவிடலாம்.

முதலில் குறித்த தேதியில் மின்விசிறி செத்துக்கிடந்தது. காய்ச்சல் என்று பொய் சொல்லித் தள்ளிப்போட்டேன். அடுத்த புதன்கிழமை பதினொரு மணி என்றார்கள். இன்னொரு முறை தள்ளிப்போட்டால் அவர்கள் என்னைத் தள்ளிவிடுவார்கள்.

திங்கட்கிழமை திரை அணைந்தது.

அமுதா அக்கா மூடியை மெதுவாக முன்னும் பின்னும் அசைத்தார். ஓரிடத்தில் திரை சட்டென்று எரிந்தது. ஒரு நூலளவு நகர்த்தினார். அணைந்தது.

“மெஷினு நல்லாத்தான் கீது. தெறந்து மூடி தெறந்து மூடி, கீலு கீற எடத்தாண்ட டிஸ்ப்ளே கேபிளு நைஞ்சு பூட்ச்சி. வேற கேபிளு சொல்லி வரவைக்கணும். இருவது நாளாவும்.”

“அக்கா, புதன்கிழமை இன்டர்வியூ இருக்கு!”

அவர் யோசித்தார். மூடியின் பின்பக்கம் இடது மூலையில் ஆள்காட்டி விரலை வைத்து லேசாக அழுத்தினார். திரை பளிச்சென்று எரிந்து, அப்படியே நின்றது.

“இங்க ஒரு வெரலு வெச்சா போதும். அசைக்கவே கூடாது. அசைச்சா பூடும்.”

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் முயன்றேன். புத்தகம் அடுக்கினேன். துணி கிளிப் போட்டேன். அரிசி டப்பாவைச் சாய்த்து வைத்தேன். எதுவும் ஒரு நிமிடத்துக்கு மேல் தாங்கவில்லை. கீழே ரோட்டில் லாரி போனால்கூட அணைந்தது. மனித விரல்தான் வேண்டும் என்பது உறுதியாயிற்று. என் இரண்டு கையும் மென்பொருளுக்கு வேண்டும். உமா புதன்கிழமை பள்ளியில் பத்தாம் வகுப்புக்குத் தேர்வு வைக்கிறாள்.

“அப்பாவைக் கூப்பிடட்டுமா?” என்றாள் உமா.

என் மாமனார் மாணிக்கம் சேலையூரில் இருக்கிறார். ஓய்வுபெற்ற பி.டி. மாஸ்டர். காலை ஆறு மணிக்கு ஏரிக்கரையில் நடப்பவர். அவர் நடக்கும்போது எதிரே வருகிறவர்களும் தங்களை அறியாமல் நெஞ்சை நிமிர்த்துவார்கள். விஷயத்தைச் சொன்னதும் போனிலேயே குரல் அதிர்ந்தது.

“ஒரு விரல்தானே மாப்ளே? சுதந்திர தின அணிவகுப்புல ஒரு மணி நேரம் கொடிக்கம்பம் பிடிச்சவன் நான். நீங்க கவலையே படாதீங்க!”

புதன்கிழமை பத்து மணிக்கே வெள்ளைச் சட்டையை இடுப்பில் சொருகிக்கொண்டு வந்துவிட்டார். (அவர் தெரியப்போவதில்லை என்று சொல்லியிருந்தேன். “இருந்தாலும் இன்டர்வியூ இல்லியா” என்றார்.) எங்கள் வீட்டில் துணிமூட்டை இல்லாத ஒரே மூலை படுக்கையறையில் பீரோ இருக்கும் பக்கம். அதற்கு முன்னால் மேஜை போட்டு, பீரோவுக்கு முதுகைக் காட்டி நான் உட்கார்ந்தேன். மேஜைக்கு அந்தப் பக்கம், லேப்டாப்புக்குப் பின்னால், ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் மாமா. கேமரா என்னைப் பார்க்கிறது. மாமா கேமராவுக்குப் பின்னால். கச்சிதமான ஏற்பாடு. பின்னணியை மங்கலாக்கும் வசதியை மட்டும் போடவில்லை. சிப்புக்குச் சூடு ஏறும் என்று அமுதா அக்கா தடுத்திருந்தார்.

பதினொரு மணிக்கு மூன்று பேர் திரையில் வந்தார்கள். நடுவில் தலைமை அதிகாரி, மிஸஸ் மேத்தா. இரண்டு பக்கமும் இரண்டு பேர். பேச்சு முழுக்க ஆங்கிலத்தில். வடக்கத்திக்காரர்கள் என்று முடிவுசெய்துகொண்டேன்.

ஆரம்பமே அமர்க்களம். நான் வணக்கம் சொன்னதும் மூன்று பேரும் புன்னகைத்தார்கள். என்னைப் பற்றிச் சொன்னேன், புன்னகை விரிந்தது. வரைபடத்தைக் காட்டி, மிஸஸ் மேத்தா சொன்னபடி மாடிப்படியை மூன்று முறை இடமாற்றி, ஜன்னலை அகலப்படுத்தினேன். வலதுபக்கத்துக்காரர் வாயைக் கையால் மூடிக்கொண்டு தலையசைத்தார். என் திறமையில் சொக்கிப்போகிறார்கள் என்று நினைத்தேன். இவ்வளவு ரசிக்கும் ஆட்களிடம் வேலை செய்யக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்றுகூட நினைத்தேன்.

மிஸஸ் மேத்தா கேட்டார்: “மிஸ்டர் பாஸ்கர், நீங்கள் தனியாகவே வேலையை முடிப்பவரா, அல்லது யாருடைய தாங்குதலாவது தேவைப்படுமா?”

நான் நெஞ்சை நிமிர்த்தினேன். “தனியாகத்தான், மேடம். எனக்கு யாருடைய தாங்குதலும் தேவைப்பட்டதே இல்லை.”

இடதுபக்கத்துக்காரர் திடீரென்று மேஜைக்கடியில் எதையோ தேடக் குனிந்தார். அவர் தோள் குலுங்கியது. இருமல் போல என்று நினைத்தேன்.

நாற்பது நிமிடம் ஆகியிருக்கும். மாமா கை மாற்ற நினைத்திருக்கிறார். திரை கறுத்தது.

கேபிள்தான் என்பது அந்த நொடியில் மறந்துபோனது; திங்கட்கிழமைக்கு முன்பு இந்த மெஷின் கறுத்தபோது மொத்தமாகத்தான் செத்திருந்தது. அந்தப் பழக்கத்தில், இன்டர்வியூ போய்விட்டது, வேலை போய்விட்டது, வாழ்க்கை போய்விட்டது என்று ஒரே நொடியில் முடிவுகட்டினேன்.

“மாமா! அசைக்காதீங்க அசைக்காதீங்கன்னு படிச்சுப் படிச்சு சொன்னேனே!”

“விரல் மரத்துப்போச்சு மாப்ளே…”

“கொடிக்கம்பம் புடிச்சேன்னு அவ்ளோ பெருமை பேசினீங்க! இப்போ பாருங்க, எல்லாம் போச்சு! இனிமே அந்தம்மா என்னை எங்க கூப்பிடப்போவுது? சும்மாவே குறுக்க குறுக்க கேள்வி கேட்டு உயிரை எடுத்துட்டிருந்துது!”

“நல்ல பொம்பளையாத்தான் மாப்ளே தெரிஞ்சுது.”

“நல்ல பொம்பளையா? ஒரு மாடிப்படியை மூணு தடவை மாத்தச் சொல்லுது மாமா! அதுக்கே என்ன வேணும்னு அதுக்குத் தெரியல! அந்த ரெண்டு பேரு வேற, எதுக்குச் சிரிக்கிறோம்னே தெரியாம பல்லைக் காட்டிக்கிட்டு…”

“அதை விடுங்க. தாங்குதல் வேணுமான்னு கேட்டதுக்கு வேணாம்னு சொன்னீங்க பாருங்க, அது தப்பு. எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு.”

அப்போது கறுத்த திரைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. சுத்தமான தமிழ்.

“பாஸ்கர், எங்களுக்கு நல்லாக் கேக்குது.”

அந்த நிமிடம்தான் எனக்கு உறைத்தது. போனது திரைக்கு வரும் கேபிள் மட்டும்தான். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. மைக் ஓடிக்கொண்டிருந்தது. அவர்கள் எங்களைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தார்கள். எனக்குத்தான் அவர்கள் தெரியவில்லை.

“மேடம்… நீங்க… தமிழா?”

“குரோம்பேட்டைல வளர்ந்தேன். கல்யாணம் பண்ணதுதான் மேத்தா. முதல்ல உங்க மாமாவைக் கையை உதறிக்கச் சொல்லுங்க, பாவம். ஆரம்பத்துலேர்ந்தே ஒரே விரலை வெச்சுட்டு உக்காந்திருக்கார்.”

“ஆரம்பத்துலேர்ந்து… எப்படி மேடம்…”

“உங்களுக்குப் பின்னாடி பீரோ கண்ணாடி இருக்கு பாஸ்கர்.”

திரும்பிப் பார்த்தேன். ஆள் உயரக் கண்ணாடி. அதில் என் முதுகுக்கு அந்தப் பக்கம், வெள்ளைச் சட்டை போட்ட என் மாமனார், விரலை நீட்டியபடி, முழுசாக, பளபளவென்று இருந்தார். நாற்பது நிமிடமும் நான் சரியாகப் பதில் சொன்னபோது தலையாட்டியிருக்கிறார். தடுமாறியபோது கண்ணை மூடிச் சாமியை வேண்டியிருக்கிறார். நான் “எனக்கு யாருடைய தாங்குதலும் தேவைப்பட்டதே இல்லை” என்றபோது, கண்ணாடியில் மாமாவின் முகம் போன போக்கைப் பார்த்துத்தான் அந்த மனிதர் மேஜைக்கடியில் குனிந்திருக்கிறார்.

நான் எழுந்து கடலூர் பக்கம் எங்காவது ஓடிவிடலாமா என்று யோசித்தேன். மாமா ஓடவில்லை. மேஜையைச் சுற்றி வந்து, கேமரா முன்னால் குதிகாலைச் சேர்த்து நின்று, மைதானத்தின் அந்தக் கோடிக்குக் கேட்கும் குரலில், “குட் மார்னிங் மேடம்! குட் மார்னிங் சார்! குட் மார்னிங் சார்!” என்றார். சார்கள் இரண்டு பேர் என்று கவனித்து வைத்திருந்தார்.

“குட் மார்னிங் சார்” என்றார் மிஸஸ் மேத்தா. குரலில் சிரிப்பு வழிந்தது. “நீங்களே சொல்லுங்க. உங்க மாப்பிள்ளை எப்படி? வேலைக்கு எடுக்கலாமா?”

மாமா யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர் என்பதால் நான் அவர் முழங்கையைப் பிடித்து இழுத்தேன்.

“மேடம், கல்யாணத்துக்கு முன்னாடி நான்கூட இவரை இவ்ளோ கேள்வி கேக்கல. கேட்டிருக்கணும், தப்புதான். கோபம் வரும், இப்போ நீங்களே கேட்டீங்க. வாயும் கொஞ்சம் நீளம். ஆனா இந்த மெஷின் இவரைப் படுத்தற பாட்டுக்கு, நானா இருந்தா தூக்கி சேலையூர் ஏரில போட்டிருப்பேன். இவர் விடலை. ஒவ்வொரு தடவையும் தூக்கிட்டு தாம்பரம் ஓடறார், சரிபண்ணிட்டு வந்து உக்காந்து வரையறார். ரெண்டு மாசமா வேலை இல்ல, ஒருநாள்கூட படுத்துக் கெடக்கல. அவ்ளோதான் மேடம் எனக்குத் தெரிஞ்சது.”

நான் தலைகுனிந்து கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னைப் பற்றி மாமா இப்படியெல்லாம் கவனித்திருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. சற்று முன்பு அவரைத்தான் நான் கொடிக்கம்பத்தைச் சொல்லித் திட்டியிருந்தேன்.

“தேங்க்ஸ் சார்” என்றார் மிஸஸ் மேத்தா. “பாஸ்கர், மாடிப்படியை மூணு தடவை மாத்தச் சொன்னது, மூணாவது தடவையும் முகம் சுளிக்காம செய்யறீங்களான்னு பாக்கத்தான். திரை இருந்த வரைக்கும் சுளிக்கல.”

இணைப்பைத் துண்டித்தார்கள். துண்டித்தார்களா என்று தெரியாததால், நாங்கள் இருவரும் ஐந்து நிமிடம் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தோம். பிறகு நான் மாமாவின் விரலுக்குத் தைலம் தேய்த்துவிட்டேன். “மன்னிச்சுடுங்க மாமா” என்றேன். “அடுத்த தடவை கை மாத்தறதுக்கு ஒரு ஆளை வெச்சுக்கணும் மாப்ளே” என்றார், மிகவும் பொறுப்பாக.

வேலை கிடைத்தது. வேலைக்கான கடிதத்தில், நிறுவனமே லேப்டாப் தரும் என்று ஒரு வரி இருந்தது. அதை அடிக்கோடிட்டு அனுப்பியிருந்தார்கள். எல்லோருக்கும் அப்படி அனுப்புவதில்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன். வந்தது ஒரு கறுப்புத் தடியன். இதுவரை அதற்குத் தலைவலிகூட வந்ததில்லை.

வெள்ளிமூடிக்குக் கேபிள் வந்தது, மாற்றினோம். அடுத்த மாதம் பேட்டரி பலூன்போல் ஊதியது. அமுதா அக்கா அதைத் தட்டில் வைத்துக் காட்டி, “தம்பி, இது உள்ள கீறது எல்லாம் புச்சு. பழசுன்னு சொல்ல ஒண்ணுமே இல்ல, உன்னியத் தவர” என்றார். அவரிடமே விட்டுவிட்டு வந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. (பார்த்தேன், சந்து திரும்பும்போது ஒரே ஒருமுறை.)

மிஸஸ் மேத்தா இன்று வரை என் மேலதிகாரி. நான் ஏதாவது வேலையை முடித்து அனுப்பினால், “தனியாவேவா?” என்று ஒரு வார்த்தைப் பதில் வரும். வீட்டில் நிலைமை இதைவிட மோசம். நான் காஸ் சிலிண்டரைத் தூக்கினாலும், தோசையைத் திருப்பினாலும், உமா எங்கிருந்தோ வந்து என் முதுகுக்குப் பின்னால் ஆள்காட்டி விரலை வைத்துக்கொண்டு நிற்பாள்.

போன மாதம் பள்ளிக்கரணையில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கிரகப்பிரவேசம். பந்தியில் மாமாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்த பெரியவர், என்னைக் காட்டி, “மாப்பிள்ளை எங்க வேலை பாக்கறார்?” என்று கேட்டார். மாமா கம்பெனி பேரைச் சொன்னார்.

“அடேயப்பா, பெரிய கம்பெனியாச்சே! அங்க எப்படிக் கெடச்சுது?”

மாமா பாயசத்தை உறிஞ்சி முடித்து, டம்ளரைக் கீழே வைத்தார்.

“நாங்க ரெண்டு பேரும்தான் இன்டர்வியூ போனோம். ஒரு எடம்தான் இருந்துது. அவருக்குக் குடும்பம் இருக்கே பாவம்னு, நான் விட்டுக்குடுத்துட்டேன்.”